கொடிகாமத்து ஓலைக் கலங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியிலே, கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி பிரிகின்ற இடத்தில் அமைந்திருக்கும் ஊர் கொடிகாமம். இரண்டு பெருவழிகள் கூடுமிடத்தில் சந்தை கூடுவது இயல்பு. தென்மராட்சியின் தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் வெற்றிலையும் கொடிகாமச் சந்தையிலே குவிவதைக் குடாநாட்டார் யாவரும் அறிவர். அக்குவியல்களின் ஓரத்திலே, அத்துணை ஆரவாரமின்றி அடுக்கி வைக்கப்படும் பண்டங்கள் சில உண்டு. கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, பாய் எனப் பனையோலையால் ஆகிய பொருள்கள் அவை.

அதே ஓலை இன்று வேறோர் உருவத்திலும் உலாவுகின்றது. நகரத்துக் கடைகளிலே கண்ணாடிப் பேழைக்குள்ளும், விருந்தினர் விடுதிகளிலே மேசையின் நடுவிலும், பழம் வைக்கும் கிண்ணமாகவும், பாண் வைக்கும் தட்டாகவும், ஒன்றுமே வைக்கப்படாமல் அழகுக்காக மட்டும் அமர்ந்திருக்கும் சிற்பமாகவும் அது காட்சி தருகின்றது. ஒரு வேளை உணவுக்குக் கோலி, உண்டபின் எருக்குழியில் எறியப்பட்ட ஓலைக்கலம், பரிமாறும் மேசையின் நடுவிடத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? அவ்வழி நெடியது, அழகு ஒன்றை மட்டும் நோக்குவோர் கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளங்களும் அதிலே உண்டு.

கலங்களின் வரலாற்றை எழுதுவோர்க்கு மண்ணே முதற் சான்று. சுட்ட மண் அழிவதில்லை. உடைந்தாலும் ஓடு எஞ்சும். 1970ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் கந்தரோடையிலே அகழ்ந்தபோது, கறுப்பும் சிவப்புமான பெருங்கற்காலக் கலங்களோடு மற்றொரு வகை வட்டிலின் ஓடுகளும் கிடைத்தன. மெல்லிய மண்ணாலான அகன்ற வட்டில் அது. விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும். உட்புறத்து அடித்தளத்திலே சிறுசிறு புள்ளிக் கீற்றுகள் வட்டம் வட்டமாக ஓடும். உணவு நிறைந்திருக்கும்போது அந்த அணி தெரியாது. உண்டு முடிக்க முடிக்கவே அது வெளிப்படும். பரிமாறும் கலத்தை அழகு செய்த அந்தக் குயவன் எவனோ, விருந்தினரின் உளநிலையை நன்கு அறிந்தவன் எனலாம். 1945ஆம் ஆண்டில் அரிக்கமேட்டை அகழ்ந்த வீலர் இவ்வகை வட்டிலை மத்தியதரைக் கடற்புறத்திலிருந்து வந்ததெனக் கொண்டார். மண்ணின் கூறுகளைப் பின்னர் ஆராய்ந்தோர், இது கங்கை கடலோடு கலக்கும் கீழ்த்திசைப் பகுதியிலே வனையப்பட்டுக் கடற்கரை வழியே பரவியது என்னும் முடிவுக்கு வந்தனர்.

1980ஆம் ஆண்டிலே ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்ட ஈமக்குழியிலும் இறந்தோர்க்குப் படைத்த உணவின் எச்சங்களோடு கலங்கள் இருந்தன. பாக்குநீரிணைக்கு அப்பால், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலே 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பார் எடுத்த வெண்கலப் பொருள்களோ இன்னும் வியப்பைத் தருவன. எருமையும் மானும் பறவையும் மூடியின் மேலும் தாங்கியின் மேலும் நிற்க, பயன்படு கலம் சிற்பமாகவே ஆகியிருக்கின்றது. அவற்றைச் சென்னை அரும்பொருளகத்திலே காணலாம். பரிமாறும் கலத்தைச் சிற்பமாக்கும் விருப்பம் தமிழரிடையே புதிதன்று என்பதற்கு இவை போதும்.

ஆயினும் மண்ணும் உலோகமும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அக்காலத்திலே பெரும்பாலோர் எதிலே உண்டனர்? இலையிலே உண்டனர். இலை மண்ணிலே மட்கிவிடும். அகழ்வோன் கைக்கு அது அகப்படாது. மண் மறந்த இச்செய்தியை மொழியே காத்து வைத்தது. இலையைக் கோலிச் செய்த கலத்துக்குப் பழந்தமிழிலே 'குடை' என்று பெயர். பனையோலைக் குடையிலே உணவு கொண்ட செய்தி புறநானூற்றிலே வருகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலே கள்ளாக்கும் முறையைக் கூறுமிடத்தில் 'பிழா' என்னும் அகன்ற வாய்க் கலம் இடம்பெறுகின்றது. யாழ்ப்பாணத்தார் கள்ளும் கூழும் குடிக்கும் ஓலைக்கலத்தைப் 'பிளா' என்பர். இவ்விரு சொற்களும் உறவுடையன எனக் கருத நிறைய இடமுண்டு. கள்ளோடு கொண்ட தொடர்பும் இரண்டுக்கும் பொதுவாயிருத்தல் கவனிக்கத்தக்கது.

இதனினும் சுவையான சொல் 'தாலம்' என்பது. தமிழகராதிகளிலே தாலம் என்பதற்குப் பனை என்றும் பொருள்; உண்கலம் என்றும் பொருள். வடமொழியிலே இவை வெவ்வேறு சொற்கள். பனையைக் குறிப்பது ஒன்று, தட்டைக் குறிப்பது மற்றொன்று. தமிழிலே ஒலி திரிந்து இரண்டும் ஒரே வடிவத்தைப் பெற்றுவிட்டன. சொல்லாராய்ச்சியாளர்க்கு இது தற்செயல். பனையோலையிலே உணவு பரிமாறிய மக்களுக்கோ இரண்டும் ஒன்றாயிருப்பதில் வியப்பு ஒன்றும் தோன்றியிராது.

ஓலைக் கலங்கள் எல்லாம் ஒரே இனத்தன அல்ல. மடிப்பன ஒருவகை, இழைப்பன மற்றொருவகை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டாலன்றி இன்றைய அழகுக் கிண்ணத்தின் பிறப்பை விளங்கிக்கொள்ளல் இயலாது.

பனையோலை விசிறி வடிவானது. காம்பிலிருந்து கிளைக்கும் இதழ்கள் பாதித் தூரம்வரை ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். அதன் பின்னரே தனித்தனியாகப் பிரியும். ஒட்டியிருக்கும் அப்பகுதி, இயற்கையே மடித்துவைத்த கொசுவம் போன்றது. அதிலே சில இதழ்களைப் பிரியாமல் வெட்டியெடுத்து, அகல விரித்து, ஓரங்களை மடக்கி முடிந்தால் தட்டுவம் ஆகும். அகலாமல் குவித்து, முனைகளைச் சேர்த்துக் கட்டினால் பிளா ஆகும். தட்டுவம் உண்பதற்கு, பிளா குடிப்பதற்கு. தைப்பதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. இதழ்கள் பிறவியிலேயே இணைந்திருத்தலால் கூழ் ஒழுகுவதில்லை. தோணி போன்ற அதன் உருவத்தை எவரும் வரைந்து பார்த்துச் செய்ததில்லை; மடிப்பு எங்கே இடங்கொடுக்கின்றதோ அங்கே கை வளைந்தது, அவ்வளவே. ஓலைக்குப் பதிலாகப் பலாவிலையைக் கோலி ஈர்க்கினால் குத்திக் கூழ் குடிப்பதும் உண்டு. பலா மிகுந்த தென்மராட்சிக்கு அது எளிது. தமிழகத்தின் தென்கோடியிலே பதநீர் குடிப்போர் ஏந்தும் 'பட்டை'யும் இதன் உடன்பிறப்பே. யாழ்ப்பாணத்திலே பட்டை என்றாலோ கிணற்றிலிருந்து துலாவினால் நீர் இறைக்கும் ஓலைக்கலம் நினைவுக்கு வரும். ஒரு காலத்திலே குடாநாட்டுத் தோட்டங்களை நனைத்தது அந்த ஓலையே.

இனி, இழைக்கும் முறை. இதற்கு முற்றிய ஓலை உதவாது. இளமையான சார்வோலையை வெட்டி வெயிலில் உலர்த்துவர். பின்பு ஈரப்பதம் ஏறச்செய்து மெதுமையாக்கி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வார்வர். வார்ந்த கீற்றின் அகலமே பண்டத்தின் தரத்தை முடிவு செய்யும். கீற்று நுண்ணிதானால் பெட்டி வழுவழுப்பாகவும் அடர்த்தியாகவும் அமையும், வேலையோ பன்மடங்காகும். பெட்டி இழைக்கத் தொடங்கும் பெண் முதலிலே தரையில் சதுரமாக அடியை இழைக்கின்றாள். மூலைகளை மடக்கி மேலெழுப்பும்போது கீற்றுகள் சாய்வாக ஒன்றையொன்று கடந்து செல்லத் தொடங்குகின்றன. மேலே செல்லச் செல்ல மூலை மழுங்கி, வாய் வட்டமாகிவிடுகின்றது. அடி சதுரம், வாய் வட்டம். கணித ஆசிரியர் ஒருவர் கரும்பலகையிலே இதை நிறுவ முற்பட்டால் ஒரு பாடவேளை போதாது. ஓலை இழைப்பவள் வாயிலே வெற்றிலையோடும் மடியிலே பிள்ளையோடும் இதை நாள்தோறும் நிறுவிவந்தாள்.

இப்பெட்டியின் மேல் இன்னோர் உறை இட்டு, விளிம்பை நாரினால் பொத்தி உறுதியாக்கினால் அது கடகம். நெல்லும் மண்ணும் சுமக்க உதவுவது. கீழே கூராகவும் மேலே அகன்றும் கூம்பு வடிவில் இழைத்தால் நீத்துப்பெட்டி. பானையின் வாயிலே அது பொருந்தி இருக்க, நீராவி இழைகளினூடே ஏறிப் பிட்டை அவிக்கும். கருப்பநீரைக் காய்ச்சிய பனங்கட்டியை வார்த்து வைப்பதற்குக் குட்டான் என்னும் சிற்றுரு உண்டு. குட்டான் அளவுக்குப் பனங்கட்டி. பனங்கட்டியின் உருவமே குட்டானின் உருவம். ஒவ்வொன்றும் தன் தொழிலினாலேயே வடிவம் பெற்றது. சாயமிட்ட சிவப்பு, பச்சை, ஊதாக் கீற்றுகள் வெள்ளை ஓலையோடு கலந்து வரும்போது கோலங்கள் தோன்றும். இழையின் கணக்குத் தவறினால் கோலமும் தவறும். ஆதலால் அழகு என்பது வேலையின் செம்மைக்குச் சாட்சியாகவும் நின்றது.

இத்தகைய பொருள்களைக் கலை என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் கற்றோரிடையே நெடுங்காலம் இருக்கவில்லை. பனையின் பயன்களை எண்ணிப் பார்த்தோர் உண்டு. 1850ஆம் ஆண்டிலே கொழும்பில் பனையைப் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்ட வில்லியம் பெர்கூசன், பனையின் 801 பயன்களை எடுத்துரைக்கும் 'தால விலாசம்' என்னும் தமிழ்ப் பாடல் நூலைக் குறிப்பிடுகின்றார். நாவலியூர்ச் சோமசுந்தரப் புலவரும் பிற்காலத்திலே இதே பெயரில் பனையின் சிறப்பைப் பாடினார். பயன்களை எண்ணுதல் ஒன்று. செய்தவரின் கைத்திறனை மதித்தல் மற்றொன்று.

அவ்விரண்டாவது நோக்கைக் கொண்டு வந்தவர், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்த ஆனந்த குமாரசுவாமி. 1877ஆம் ஆண்டிலே கொழும்பில் பிறந்த அவர், கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கையின் ஊர்களிலே அலைந்தபோது கம்மியரையும் நெசவாளரையும் கண்டு பழகினார். அதன் விளைவாக 1908ஆம் ஆண்டிலே 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் வெளிவந்தது. அழகு வேறு, பயன் வேறு என்று பிரித்து, அழகுப் பொருளைப் பேழையிலும் பயன்படு பொருளைச் சமையலறையிலும் வைக்கும் பழக்கம் அண்மைக் காலத்தது என்பதே அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கருத்து. அவருடைய நூல் கண்டி நாட்டுக் கைவினைகளையே பெரிதும் ஆராய்ந்தது. தம் முன்னோரின் யாழ்ப்பாணத்து ஓலைக்கும் அதுபோன்ற ஒரு நூலை அவர் எழுதாது போனது குடாநாட்டின் குறைப்பேறு என்றே சொல்லவேண்டும்.

ஆனால் குமாரசுவாமியின் நோக்கிலும் ஒரு பக்கம் விடுபட்டுப் போகின்றது. பழைய சமுதாயத்தின் கலம் அழகும் பயனும் ஒன்றியது என்பது மெய்யே. அக்கலம் யாருக்கு நீட்டப்பட்டது என்று கேட்டால் கதை மாறுகின்றது.

யாழ்ப்பாணத்து நல்ல குடிமனையிலே விருந்தினர்க்கு மூக்குப்பேணியிலே நீர் கொடுப்பர். பித்தளையாலான அப்பேணிக்கு ஒரு புறத்திலே மூக்குண்டு. அண்ணாந்து அம்மூக்கினால் வாயிலே வார்த்துக் குடிக்கலாம்; உதடு கலத்திலே படாது. எச்சில் பற்றிய எண்ணமே அந்த அழகிய உருவத்தைப் படைத்தது. எச்சிற் கவலைக்கு ஓலை வேறொரு விடை தந்தது. பிளாவிலே குடித்தவர் அதை எறிந்துவிடுவார். கழுவ வேண்டுவதில்லை, மற்றொருவர் தொட வேண்டுவதில்லை. கள்ளுக் கொட்டிலிலே செல்வரும் வறியவரும் பிளாவிலேயே குடித்தனர். ஒடியற் கூழ் காய்ச்சிய நாளிலே வீட்டார் அனைவரும் முற்றத்தில் வட்டமாயிருந்து பிளா ஏந்தினர். அது ஒரு மகிழ்ச்சி. அதே முற்றத்திலே, படியேற இடமளிக்கப்படாத கூலியாளுக்கும் மரமேறுவோனுக்கும் பிளாவிலும் சிரட்டையிலும் உணவு வார்க்கப்பட்டது. வீட்டாருக்குப் பிளா ஒருநாள் விருப்பம். அவர்களுக்கோ அது என்றும் விதித்த எல்லை. கலம் ஒன்றே, அதனை ஏந்திய கைகளின் நிலை வேறு.

இன்னொன்றையும் மறத்தற்கில்லை. மரத்திலேறி ஓலை வெட்டியவனும், கள்ளிறக்கியவனும் அந்தப் படியேற இயலாதவனே. அவன் வெட்டித் தந்த ஓலையிலே இழைத்த பெட்டி அடுக்களைக்குள் புகுந்தது, அவன் புகவில்லை.

தேநீர்க் கடைகள் தோன்றிய பின்னரும் இவ்வழக்கம் புதுவேடம் பூண்டு தொடர்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அங்கே போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் வழங்கினர். மற்றவரோடு ஒருங்கே அமர இடமில்லை. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் கடைகளின் கண்ணாடிக் குவளைகள் அவர்களுக்கு எட்டவில்லை. 1966ஆம் ஆண்டின் ஒக்தோபர் எழுச்சியும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், அவற்றையடுத்துக் குடாநாட்டின் பல ஊர்களிலே நிகழ்ந்த தேநீர்க் கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயில் வாயிலிலே நடந்த போராட்டமும் அந்த எல்லையை உடைத்தன. உயிரிழப்பும் நேர்ந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தோர் அக்காலத்தின் வெம்மையை உணர்வர். ஒரு குவளைக்காக மனிதர் உயிர் கொடுக்க நேர்ந்த நிலத்திலே, கலத்தின் வரலாறு வெறும் வடிவத்தின் வரலாறாக இருத்தல் இயலாது.

இனிச் சந்தைக்குத் திரும்பலாம். 1905ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இருப்புப்பாதை முழுமையாக இணைந்தபின், கொடிகாமம் புகைவண்டி நிற்கும் ஊருமாயிற்று. தென்மராட்சியின் விளைபொருள் தெற்கே செல்ல இதனால் வழி பிறந்தது. வடமராட்சியோடு தொடர்பை வளர்த்தது மற்றொரு வண்டி. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்குமிடையே ஓடிய தட்டிவானை அறியாத முதியோர் குடாநாட்டில் இலர். மரத்தாலான உடலும், பக்கங்களிலும் பின்புறத்திலும் திறந்து தாங்கும் தட்டிகளும் கொண்ட அவ்வண்டியிலே மனிதரோடு தேங்காய்ச் சாக்கும், வாழைக்குலையும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கடகங்களும் பயணஞ் செய்தன. ஓலைப் பண்டத்துக்கு இது ஒரு வசதி: கனமில்லை, உடைவதில்லை, ஒன்றனுள் ஒன்று அடங்கும்.

அத்தகைய பண்டத்தை முதலில் அலுமினியமும் பின்னர் பிளாஸ்டிக்கும் வென்றன. நீத்துப்பெட்டியின் இடத்தை உலோகப் பிட்டுக்குழல் பிடித்தது. கடகத்தின் இடத்தை வண்ண வண்ணக் கூடை பிடித்தது. நனைந்தாலும் கெடாத கூடையை வாங்கிய இல்லத்தரசியைக் குறை கூறுவதற்கில்லை. ஓலைப்பெட்டி ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சில ஆண்டுகளில் விளிம்பு நொறுங்கும். அது தன் குறைகளோடுதான் வாழ்ந்தது.

1978ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பனம்பொருள்களுக்குப் பயிற்சியும் விற்பனையும் ஒருங்கமைக்கும் முயற்சி அது. பனை பற்றிய ஆராய்ச்சிக்குத் தென்மராட்சியின் கைதடியிலே நிலையம் அமைந்தது. கைப்பை, தொப்பி, விரிப்பு, மூடியுள்ள பெட்டி, பழக்கிண்ணம் ஆகியவற்றைச் செய்ய ஊர்ப் பெண்கள் பயின்றனர். வீட்டுத் தேவைக்கு இழைத்தவள் இப்போது தான் கண்டறியாத வாடிக்கையாளனுக்காக இழைக்கத் தொடங்கினாள். இம்மாற்றம் வேர்கொள்ளுமுன் போர் சூழ்ந்தது. 1990ஆம் ஆண்டிலே புகைவண்டி நின்றது. 2000ஆம் ஆண்டிலே தென்மராட்சி முழுவதும் போர்க்களமாயிற்று. சாவகச்சேரி நகரம் இடிபாடாக, மக்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். பனைகளோ வெளியேற இயலாமல் நின்றன. எறிகணையால் தலையிழந்தவை எத்தனையோ. காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டவை எத்தனையோ. 2014ஆம் ஆண்டு ஒக்தோபரிலே புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, சாளரத்தினூடே பார்த்தோர் தலையற்ற பனைகளைப் பல இடங்களிலே கண்டனர்.

உலகத்தின் மற்றொரு மூலையிலே இதற்கிடையில் ஓலைக்கலத்துக்கு நேர்மாறான ஒரு கதை நிகழ்ந்திருந்தது. பின்லாந்து நாட்டுச் சிற்பி தப்பியோ வீர்க்கலா, மெல்லிய மரப்பலகைகளைப் பல அடுக்காக ஒட்டி, அதைக் குடைந்து, இலை வடிவிலே பரிமாறும் தட்டு ஒன்றைப் படைத்தார். அடுக்குகளின் கோடுகள் இலையின் நரம்புகளாகத் தோன்றின. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 1951ஆம் ஆண்டின் மிக அழகிய பொருள் என்று அதனைப் போற்றியது. மரத்தை இலையாக்கிய கலைஞருக்கு உலகப் புகழ். இலையைக் கலமாக்கிய கொடிகாமத்துக் கைக்குச் சந்தை விலை. இப்படி ஒப்பிடுவதால் வீர்க்கலாவின் சிறப்புச் சிறிதும் குறையாது; இரண்டும் ஒரே உண்மையை இரு திசைகளிலிருந்து அணுகுகின்றன. அமெரிக்க வடிவமைப்பாளரான சார்ல்சு ஈம்சும் அவர் மனைவி இரேயும் 1958ஆம் ஆண்டிலே இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையிலே, தாங்கள் கண்ட பொருள்களிலெல்லாம் சிறந்ததாகச் செம்பைப் பாராட்டினர். தலைமுறை தலைமுறையாகப் பலருடைய கை பட்டுத் தேறிய வடிவம் என்பதே அவர்கள் கண்ட சிறப்பு. அவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்திலே தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. பிளாவை அவர்கள் பார்த்திருந்தால் அறிக்கையிலே இன்னும் ஒரு பக்கம் கூடியிருக்கக்கூடும்.

ஓலைக்கலத்துக்குப் புதுவாழ்வு வந்த வரலாற்றைச் செட்டிநாட்டிலே தெளிவாகக் காணலாம். அங்கே கொட்டான் என வழங்கும் ஓலைப்பெட்டி, திருமணத்திலும் பிற மங்கல நாள்களிலும் சீர்வரிசையும் பலகாரமும் வைத்து வழங்கும் கலம். ஆச்சிமார் தம் கையாலேயே இழைத்து, மணியும் நூற்பின்னலும் வைத்து அழகு செய்தனர். வழக்கொழியும் நிலையை எய்திய அக்கலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறநிலையம் மீட்டு, சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்றியது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டுப் பெண் பொழுதுபோக்காகச் செய்தது, கூலிக்குச் செய்யும் பெண்ணின் தொழிலாக மாறியது. மாறியும் உருவம் கெடவில்லை. கொட்டானின் பயன் அன்றும் பரிமாறுதல், இன்றும் பரிமாறுதலே என்பது இதற்கு ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்து அழகுக் கிண்ணங்களிலே எல்லாம் ஒரு தரத்தன என்று கூறிவிட முடியாது. ஓலையின் இயல்பை ஒட்டிச் செய்தவை கண்ணுக்கு இனியவை. சதுர அடியும் வட்ட வாயுமுள்ள பழைய பெட்டியையே சிறிது தாழ்வாகவும் அகலமாகவும் இழைத்து, சாயமின்றி வெள்ளையாக விட்ட கிண்ணத்திலே மாம்பழங்களை அடுக்கினால், அதனினும் தக்க இருக்கை அப்பழங்களுக்கு இல்லை. ஓலையை வருத்தி வாத்தாகவும் அன்னமாகவும் முறுக்கி, முதுகிலே குழி செய்து இனிப்பு வைப்பனவும் உண்டு. அவற்றை வாங்குவோர் இருக்கின்றனர், இருக்கட்டும். ஆதிச்சநல்லூர்க் கம்மியன் எருமையை மூடியின்மேல் நிறுத்தியபோது வெண்கலம் அதற்கு இசைந்தது. ஓலை இசைவது மடிப்புக்கும் இழைப்புக்குமே. மெருகெண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவதும் அத்தகையதே. பூசிய ஓலைக்கு உலர்ந்த புல்லின் மணம் போய்விடுகின்றது.

வடிவத்தைவிடப் பெரிய சிக்கல் ஊதியத்திலே இருக்கின்றது. ஓலை வாங்கவும், உலர்த்தவும், வாரவும், சாயமிடவும் செல்லும் நாள்கள் கிண்ணத்தின் விலைச்சீட்டிலே தெரிவதில்லை. இழைக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டாலும் கூலி குறைவு. இளம் பெண்கள் தையற் சாலைக்கும் கடை வேலைக்கும் செல்வதற்கு இதுவே காரணம். வீர்க்கலாவின் தட்டினடியிலே அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஓலைக் கிண்ணத்தினடியிலே விற்கும் நிலையத்தின் சீட்டு ஒட்டப்படுகின்றது. இழைத்தவள் பெயரை எழுத அங்கே இடம் விடப்படுவதில்லை. போருக்குப்பின் குடும்பத்தைத் தனியே தாங்க நேர்ந்த பெண்கள் பலர் இத்தொழிலிலே இருப்பதால், இது அலங்காரத்தைப் பற்றிய வினாவாக நின்றுவிடாமல் அடுப்பைப் பற்றிய வினாவாகவும் ஆகின்றது.

மடிக்கும் வகைக் கலத்துக்கோ எதிர்பாராத ஒரு வாய்ப்பு வந்தது. 2017ஆம் ஆண்டு செப்டெம்பரிலே இலங்கை அரசு, உணவு சுற்றும் பொலித்தீன் தாளையும் நுரைப் பெட்டியையும் தடை செய்தது. ஒருமுறை உண்டு எறிவதற்கு மாற்றுக் கலம் எது என்று தேடத் தொடங்கியோருக்குத் தட்டுவத்தின் நினைவு வந்தது. விருந்துகளிலும் விழாக்களிலும் அதைக் கேட்போர் உண்டு; பிளாவிலே கூழ் வார்த்துத் தருவது வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர்க்குக் காட்டும் உபசாரமாகிவிட்டது. ஒருகாலத்திலே படியேற விடாதவனுக்குக் கொடுத்த கலம், இன்று வந்த விருந்தினரின் கையிலே பெருமையோடு இருக்கின்றது. அதை ஏந்திப் படமெடுத்துக் கொள்வோரிலே பலர்க்கு அதன் பழைய கதை தெரியாது. முதியோர் சிலர் மட்டும் பிளாவை வாங்க மறுத்துக் கோப்பை கேட்பதுண்டெனில், அவர்களுடைய காரணத்தை விளங்கிக்கொள்ளல் அரிதன்று.

தட்டுவம் கோலுவதற்கு ஒரு கத்தியும் சில நிமிடமும் போதும். இழைப்பவளுக்குச் சார்வோலை வேண்டும். இரண்டுக்கும் உரிய ஓலையோ மரத்தின் உச்சியிலே இருக்கின்றது. அதை வெட்டித் தருவதற்குப் பனையேறத் தெரிந்தோர் தென்மராட்சியிலும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். தம் பிள்ளைகள் அத்தொழிலுக்கு வருவதை அவர்களும் விரும்புவதில்லை.